எந்த வயரை வெட்டினார்கள்?



துர்கா பூஜை நெருங்குகிறது. பந்தலில் டாக் மேளம் முழங்கத் தொடங்கினால் போதும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் சந்துகளில் நிற்கும் கார்களில் இரண்டு மூன்று கூடவே அலற ஆரம்பிக்கும். எந்தத் திருடனும் தொட்டிருக்க மாட்டான்.

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக விடிகாலையில் காரை எடுத்தால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. வெளியே வாங்கி மாட்டிய அலாரம் வண்டியைப் பூட்டிவிட்டது. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்குமாக இந்தப் பக்கம்.

கம்பெனியே கொடுக்கும் இம்மொபிலைசரில் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். காரின் கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். கடையில் மாட்டுவது வேறு வகை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, செல்ஃபுக்கோ இக்னிஷனுக்கோ பெட்ரோல் பம்புக்கோ போகும் வயரை வெட்டி, நடுவே ரிலே என்ற ஒரு மின் சுவிட்சைக் கோர்ப்பார்கள். பல வண்டிகளில் கோளாறு பெட்டியில் இருப்பதில்லை, வயரைச் சேர்த்த அந்த ஒட்டில்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தெரியும்: வயரை வெறுமனே முறுக்கி மேலே சுற்றிய டேப் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றே இதற்குப் போதும். 2025 செப்டம்பர் 23 அன்று 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டர் கொட்டியதே, அப்படியொரு மழையில் சீட் வரை தண்ணீர் ஏறிய வண்டிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வண்டி அடம்பிடித்தால் முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு கார் பேட்டரியைச் சோதியுங்கள். அது தளர்ந்தாலே பல அலாரங்கள் காரணமில்லாமல் கத்தும். பானட் ஓரத்தில் இருக்கும் சின்ன சுவிட்ச் துருப்பிடித்தாலும் அப்படித்தான். லாரி போகும்போதெல்லாம் அலறினால், அதிர்வை உணரும் சென்சாரில் உள்ள திருகைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கும். செல்ஃபே சுற்றவில்லை என்றால் செல்ஃப் வயரிலும், சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் இக்னிஷன் அல்லது பம்ப் வயரிலும் தேடச் சொல்லுங்கள்.

பம்ப் வயரில் ரிலே வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓடும் வண்டியில் அந்த ஒட்டு விட்டுப்போனால் மா மேம்பாலத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிடும், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். செல்ஃப் வயரில் இருந்தால் நின்ற வண்டி கிளம்பாது, அவ்வளவுதான்.

கழற்றும்போதும் கவனம் வேண்டும். பெட்டியை மட்டும் உருவிவிட்டு வயர்களைத் தொங்கவிட்டால் தொல்லை தொடரும். வெட்டிய வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் இறுகும் குழாய் போடச் சொல்லுங்கள். எந்த நிற வயர், எங்கே வெட்டியது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த கருவிக்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்று வாங்கி, பாலிசியில் தள்ளுபடி பெற்றவர்கள், கழற்றியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். பின்னால் வண்டி திருடுபோய் நஷ்ட ஈடு கேட்கும்போது, தெரிவிக்காமல் விட்டதே தடையாகலாம்.

பக்கத்து வீட்டாரையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பது 45 டெசிபல். இந்த சைரன்கள் நூறைத் தாண்டுபவை. நோயாளியும் பரீட்சைப் பிள்ளையும் இருக்கும் தெருவில், கோளாறு சரியாகும்வரை சைரனின் இணைப்பையாவது எடுத்துவிடுங்கள். கதவுப் பூட்டு இருக்கிறது, ஸ்டீயரிங் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

மல்லிக் பஜாரிலோ பவானிப்பூரிலோ, அவசரப்படாமல் ஒவ்வொரு ஒட்டையும் பிரித்துக் காட்டி வேலை செய்யும் மிஸ்திரி யாரையாவது நீங்கள் அறிந்திருந்தால், அவருடைய சம்மதத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். பூஜை இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்