ஏழு மனுசர், ஒரு குரங்கு, ஒரு வாத்து: நம்ம பிள்ளைகளின் காலிப் பயணம் பற்றி



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

போன மாதம் தரம் 8 இல் நூஹ் நபியின் (அலை) கப்பல் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு உயிரிலும் ஒரு சோடி ஏற்றப்பட்டது என்று சொல்லி முடிக்கவில்லை, கடைசி வாங்கில் ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், புலியும் ஆடும் ஒரே கப்பல்ல எப்படி ஈந்திச்சி?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அல்லாஹ்வின் நாட்டம் என்று சொன்னேன். அது சரியான பதில்தான். ஆனாலும் அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதே வாரம்தான் காலிப் பயணம் பற்றிய பேச்சு வந்தது. நம்ம பாடசாலை, பக்கத்துச் சிங்களப் பாடசாலை, மேலே தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை, மூன்றிலிருந்தும் தரம் 8 பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் கூட்டிப்போய்க் கடலையும் துறைமுகத்தையும் காட்டுவது என்று மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து யோசித்தோம். அதிபர்கள் சம்மதம். சில பெற்றோர்தான், "நம்ம பிள்ளைகள் மட்டும் தனியாகப் போனால் என்ன டீச்சர்?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, பயத்தோடு கேட்டார்கள். அதனால்தான் பொறுமையாகப் பதில் எழுதுகிறேன்.

அந்தப் பையனின் கேள்விக்கும் உங்கள் கேள்விக்கும் ஒரே பதில்தான். அது 1969 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தில் கிடைத்தது.

நோர்வே நாட்டு ஆய்வாளர் தோர் ஹெயர்டால். பழங்கால எகிப்தியர் பப்பைரஸ் என்ற கோரைப் புல்லால் கட்டிய படகில் பெருங்கடலைக் கடக்க முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். சுவர் ஓவியங்களைப் பார்த்து 15 மீற்றர் அளவில் ஒரு புல் படகு கட்டுவித்தார். பெயர் 'ரா'. மொரோக்கோவின் ஸாஃபி துறைமுகத்தில் இருந்து 1969 மே 25 இல் புறப்பட்டார்கள்.

புல் படகை விட எனக்கு அதிசயமாகப் பட்டது அதில் ஏறியவர்கள்தான். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. திசை பார்த்தவர் அமெரிக்கர், வைத்தியர் சோவியத் நாட்டவர். அரபு இஸ்ரேல் யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான். அந்த அமெரிக்கர் யூதர். எகிப்திலிருந்து வந்தவர் கொப்டிக் கிறிஸ்தவர். இத்தாலியர் ஒருவர், மெக்ஸிகோக்காரர் ஒருவர். சாட் நாட்டிலிருந்து அப்துல்லாஹ் ஜிப்ரீன் என்ற முஸ்லிம் சகோதரர், புல் படகு கட்டத் தெரிந்தவர். ஹெயர்டாலோடு ஏழு பேர். தற்செயலாகச் சேர்ந்தவர்கள் இல்லை, வேண்டுமென்றே இப்படித் தேர்ந்தெடுத்தார். படகில் பறந்தது ஐக்கிய நாடுகள் சபையின் கொடி. தூங்குவதற்கு நம்ம வீட்டுச் சின்ன அறை அளவில் ஒரு பிரம்புக் கொட்டில்.

இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று குட்டிக் குரங்கு. அந்தத் துறைமுக ஊரின் தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்தது, ஊர்ப் பெயரையே வைத்து ஸாஃபி என்று கூப்பிட்டார்கள். மற்றது ஒரு வாத்து. அதற்குப் பெயர் சிந்துபாத்! சரந்தீப் வந்து போனதாகக் கதை சொல்லும் நம்ம சிந்துபாத்தேதான்.

நம்ம ஊரில் குரங்கைக் கண்டால் பட்டாசு கொளுத்துகிறோம். 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு அரசாங்க மட்டத்திலேயே வந்தது. தோட்டம் செய்கிறவர் படும் கஷ்டம் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் நடுக்கடலில் ஒரு சின்ன உயிரைப் பராமரிக்கும்போது யார் எந்த நாடு, எந்த மார்க்கம் என்ற கேள்வி எழாது. அதற்குப் பசிக்கும், யாராவது கொடுக்க வேண்டும். பூனை வளர்க்கும் வீட்டில் கோபித்துக்கொண்ட இரண்டு பேர் பூனையை வைத்துப் பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்களே. அந்த மாதிரிதான்.

சண்டையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். நெருக்கமான இடத்தில் மாதக்கணக்கில் அடைந்திருந்தால் வரும் எரிச்சலுக்கு ஹெயர்டால் ஒரு காய்ச்சலின் பெயரே வைத்திருந்தார். அது மார்க்கத்தால் வருகிற காய்ச்சல் இல்லை. யார் சாமானை எங்கே போட்டார் என்பதில் வருவது. நம்ம வீடுகளில் வருவது போலத்தான்.

ஆனால் 'ரா' கரை சேரவில்லை. ஏறத்தாழ 5000 கிலோமீற்றர் போன பிறகு, பார்படோஸ் தீவை அடையும் முன்பே கைவிட வேண்டி வந்தது. காரணத்தைக் கவனியுங்கள். பழைய எகிப்திய ஓவியங்களில் படகின் வளைந்த வால் நுனியிலிருந்து தளத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். வாலை வளைத்து வைக்கத்தான் அந்தக் கயிறு என்று இவர்கள் நினைத்தார்கள். வால் தானாகவே வளைந்து நின்றது. நடக்க இடைஞ்சலாக இருந்த கயிற்றை எடுத்துவிட்டார்கள். நடுக்கடலில் பின்பக்கம் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் தாழ்ந்தது. அந்தக் கயிறுதான் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வருடம் பொலிவியாவின் டிட்டிகாகா ஏரிக்கரை மக்களைக் கொண்டு இரண்டாவது படகு கட்டினார்கள். பழைய ஆட்களோடு ஜப்பானியர் ஒருவரும் மொரோக்கோ முஸ்லிம் சகோதரர் ஒருவரும் சேர்ந்தார்கள். 57 நாளில், 1970 ஜூலை 12 இல் பார்படோஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் கயிற்றைப் படித்ததிலிருந்து எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நோன்புக் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சிங்கள வீட்டுக்கு ஓடுவேன். உம்மா முதலில் அவர்களுக்குத்தான் ஊற்றுவா. சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கிருந்து கிரிபத்தும் கொண்டைப் பலகாரமும் வரும். தைப்பொங்கலுக்கு லயத்திலிருந்து வாப்பாவின் கூட்டாளி பொங்கல் கொண்டுவருவார். பெருநாளைக்கு வட்டிலப்பம் மூன்று பக்கமும் போகும். இதெல்லாம் சும்மா சாப்பாட்டுக் காரியம் என்று நினைத்தோம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்தத் தட்டுகள் குறைந்தன. யாரும் சண்டை பிடிக்கவில்லை. அவர்கள் கொண்டுவரக் கூச்சப்பட்டார்கள், நாங்கள் கொண்டுபோகப் பயந்தோம். இடைஞ்சலாக இருந்த கயிறு என்று எடுத்துவைத்தோம். வால் இன்னும் வளைந்துதான் நிற்கிறது. பின்பக்கம் தாழ்வது உடனே தெரியாது.

நம்ம பிள்ளைகளுக்கு அந்தத் தட்டுகளும் இல்லை. சிங்களப் பிள்ளை ஒரு பாடசாலை, தோட்டத்துப் பிள்ளை ஒரு பாடசாலை, நம்ம பிள்ளை ஒரு பாடசாலை. காலையில் ஒரே பஸ் தரிப்பிடத்தில் நின்றுவிட்டு மூன்று பக்கம் பிரிந்து போகிறார்கள். பெயர்கூடத் தெரியாது.

சேர்ந்தால் சண்டை வரும் என்கிறீர்களா? 'ரா'வில் போன அந்த மெக்ஸிகோக்காரர் சந்தியாகோ ஹெனோவெஸ் ஒரு மானிடவியலாளர். மனிதர் ஏன் மோதுகிறார்கள் என்று ஆராய 1973 இல் தானே ஒரு மிதவை செய்தார். பல நாடு, பல மதத்து ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு அத்திலாந்திக்கில் 101 நாள் போனார். மோதல் வரும் என்று எதிர்பார்த்தார், கிளறியும் பார்த்தார். அவர்களோ ஒருவரோடு ஒருவர் நண்பர்களாகி, கிளறிவிட்ட அவர் மீதே கோபப்பட்டார்கள். பிற்காலத்தில், வன்முறை மனிதனின் பிறவிக் குணம் இல்லை என்று 1986 இல் ஸ்பெயினின் செவில் நகரில் விஞ்ஞானிகள் வெளியிட்ட பிரகடனத்தில் அவரும் ஒருவர்.

கடல் நமக்குத் தூரமான விசயம் என்றும் நினைக்காதீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, நம்ம நாட்டு மாலுமிகள் சூயஸ் வழியாக ஓட்டிப்போனார்கள். 1938 ஆகஸ்ட் 1 இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நம்ம மூதாதையரில் அரபு வணிகர் கடலால் வந்தார்கள். தோட்டத்து மக்களின் முன்னோரும் கடல் கடந்துதான் வந்தார்கள். வகுப்பில் கடலைக் காணாதவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். பாதிக்குக் கிட்டக் கைகள்.

இனி உங்கள் பயங்கள்.

சாப்பாடு: எல்லாப் பிள்ளையும் வீட்டிலிருந்து பார்சல். கடையில் வாங்குவதில்லை. பகிர்வதா இல்லையா என்பது பிள்ளையின் விருப்பம்.

தொழுகை: லுஹருக்கு காலிக் கோட்டைக்குள் வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி இருக்கிறது. கடல் பயணத்தில் கொஞ்சத் தண்ணீர்தான் இருக்கும், கடல் நீரில் வுழூ செய்யலாமா என்று நபியவர்களிடம் (ஸல்) ஒருவர் கேட்டதும், அது சுத்தமானது என்று பதில் வந்ததும் நீங்கள் அறிந்த ஹதீஸ்தான். மார்க்கம் பயணத்தைத் தடுக்கவில்லை, வழி சொல்லிக்கொடுத்தது.

பெண்பிள்ளைகள்: மூன்று பாடசாலையிலிருந்தும் பெண் ஆசிரியைகள் வருகிறோம். இரண்டு உம்மாமாரும் வரலாம். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளும் வருகிறாள்.

காசு: தோட்டத்துப் பிள்ளைகளில் சிலரால் பஸ் காசு முழுதாகக் கட்ட முடியாது. நாட்கூலிக் குடும்பங்கள். ஊரில் யாராவது இரண்டு பேருடைய காசைப் பொறுப்பெடுத்தால் பெரிய உதவி. பெயர் வெளியே வராது.

அப்துல்லாஹ் தன் தொழுகையை விடாமல் யூதரோடும் கிறிஸ்தவரோடும் ஒரு புல் படகில் இருந்தார். நம்ம பிள்ளைகள் கேட்பது ஒரு நாள், ஒரு இ.போ.ச. பஸ்.

ஞாயிறு காலை 9 மணிக்கு வாருங்கள். சம்மதமில்லை என்றாலும் வந்து அதைச் சொல்லுங்கள், பேசுவோம்.

கடைசியாக ஒன்று. கடைசி வாங்குப் பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப டீச்சர், என்ட பூனயக் கொண்டுவரலாமா?" என்றான். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் மகன் என்று சொல்லிவிட்டேன். அவன் உம்மா இதை வாசித்தால், அன்றைக்குப் பையைக் கொஞ்சம் பார்த்து அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.