பெட்டி நமது, கோப்பு யாருடையது?

அலுவலகங்களின் உட்கூரைகளில் வெண்ணிறத் தட்டுகள்போல் ஒட்டியிருக்கும் வயர்லெஸ் கருவிகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். அக்ஸஸ் பொயின்ற் என்பர். அவற்றுள் பதிந்திருந்து அவற்றை இயக்கும் மென்பொருளே ஃபேர்ம்வெயர், தமிழில் நிலைபொருள். (நிலையாக நிற்க மறுப்பது அதன் வழக்கம் என்பது வேறு விடயம்.)

புதிய பதிப்பை ஏற்றும்போது மின்சாரம் நின்றால் கருவி எழும்பாமற் போகலாம். ஆயினும் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. சிஸ்கோவின் எயாரோநெட் வரிசையிலுள்ள பழைய கருவிகள் பலவற்றை மீட்க ஒரு பொத்தான் போதும். கணினிக்கு 10.0.0.2 முதல் 10.0.0.30 வரையான முகவரிகளில் ஒன்றைக் கொடுத்து, கோப்பு வழங்கும் ரி.எஃப்.ரி.பி மென்பொருளை அதில் இயக்கிவிட்டு, 'மோட்' பொத்தானை அழுத்தியபடியே கருவிக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும். ஏறத்தாழ 20, 30 விநாடிகளில் விளக்குச் சிவக்கும். விரலை எடுத்தால், கருவி 10.0.0.1 என்ற முகவரியிலிருந்து தானே கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கோப்பின் பெயர் 'டிஃபோல்ற்' என்று முடியாவிட்டால் மட்டும் எதுவும் நடவாது.

வழி எளிது. கோப்புக்கு எங்கே போவது? சிஸ்கோவின் தளத்தில் பொதுவாகச் சேவை ஒப்பந்தம் உள்ளவருக்கே அது கிடைக்கும். நிறுவனங்கள் கழித்த கருவியை மலிவாக வாங்கும் சிற்றூர்ப் பாடசாலைக்கு ஒப்பந்தம் ஏது? அக்கருவிகளுட் பல, கொன்ரோலர் எனும் மத்திய கட்டுப்பாட்டுக் கருவியின்றி இயங்காத நிலைபொருளுடன் வருபவை. தனித்தியங்கும் நிலைபொருளை ஏற்றினால் இன்னும் உழைக்கும். கோப்பு இல்லையேல் நல்ல கருவியே குப்பை.

வீட்டுக் கருவிகளின் கதை வேறு. லிங்சிஸ் டபிள்யூஆர்ரி54ஜி கருவி லினக்ஸில் இயங்கியமையால், அனுமதிப்பத்திர நிபந்தனைப்படி 2003இல் அதன் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்தே 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்ரி பிறந்தது. அப்போது லிங்சிஸின் உரிமையாளரும் சிஸ்கோவே!

புதிய வசதிகளுக்குப் பணம் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. பொறியியலாளருக்குச் சம்பளம் வேண்டுமல்லவா? ஆனால் 2017இல் வெளியான 'கிராக்' குறைபாடு டபிள்யூபிஏ2 பாதுகாப்பையே உலுக்கியபோது, திருத்தம் நிலைபொருளாகவே வரவேண்டியிருந்தது. கோப்புக் கிடையாதோர் முகம் தெரியாத தளங்களிலிருந்து எதையாவது எடுத்து ஏற்றுகின்றனர். அதற்குள் வேறென்ன ஒளிந்திருக்கிறதோ! ஆதரவு முடிந்ததென நிறுவனமே அறிவித்த கருவிகளின் கடைசிப் பதிப்பையாவது, சரிபார்க்கும் ஹாஷ் குறியீட்டுடன், எவரும் தரவிறக்கும்படி வைக்கட்டும்.