மிச்சம் பிடிப்பது எப்படி என்று என் அம்மாவுக்குச் சொல்லாதீர்கள்

நான் படித்த பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் பேச ஒரு முறை கூப்பிட்டிருந்தார்கள். முன்னாள் மாணவன், மென்பொருள் வேலை, கொஞ்சம் எழுதுகிறவன் என்ற தகுதிகள் போதுமாக இருந்தன. அம்மா மகளிர் குழுவில் வாரம் இருபது ரூபாய் சேர்த்ததையும், அதற்காக மத்தியானச் சாப்பாட்டைத் தவிர்த்ததையும், அந்தச் சிக்கனத்தில்தான் நான் படித்து மேலே வந்ததையும் சொன்னேன். "செல்வத்துக்கு வழி வரவில் இல்லை, செலவில் இருக்கிறது" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்சப்பில் போட, தங்கச்சி அதை அம்மாவிடம் காட்டிவிட்டாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். அம்மா களி கிண்டிக்கொண்டே கேட்டார்.

"நான் பட்டினி கெடந்தேன்னு சொன்னியாமே கண்ணு. அதுக்கா கைதட்டுனாங்க?"

"பெருமையாத்தாம்மா சொன்னேன்."

"பணம் இருந்திருந்தா நானும் தின்னுருப்பேன். இல்லாம கெடந்ததுக்குப் பேரு சிக்கனமா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. களியை உருட்டித் தட்டில் வைத்தார். அன்று நான் பேசியது தப்பு. கருத்து ரீதியாக மட்டுமல்ல, கணக்கு ரீதியாகவும் தப்பு. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கான திருத்தம்.

*

முதலில் கணக்கு. அம்மா குழுவில் சேர்ந்தது 1998இல். நான் கல்லூரியில் சேர்ந்தது 2010இல். வாரம் 20 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,040. பன்னிரண்டு வருடத்துக்கு 12,480 ரூபாய். எனக்கு முதல் வருடம் கல்லூரிக்கும் விடுதிக்கும் ஆன செலவு 70,000. அதாவது அம்மா பன்னிரண்டு வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது என் முதல் பருவத்துக்குக்கூடக் காணவில்லை.

அப்படியானால் நான் எப்படிப் படித்தேன்? அப்பா 1999இல் பெங்களூருக்குப் போனார். ஊரில் காட்டு வேலைக்கு அப்போது நாளுக்கு நாற்பது ரூபாய். பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்கு நூற்றிருபது. ஒரு நாள் கூலி வித்தியாசம் எண்பது ரூபாய். அம்மாவின் ஒரு மாதச் சேமிப்பும் அதே எண்பது ரூபாய்தான். அம்மா நான்கு வாரம் பட்டினி கிடந்து சேர்த்ததை அப்பா பஸ் ஏறிப் போய் ஒரே நாளில் சேர்த்தார். அப்பா அம்மாவைவிட ஒழுக்கமானவர் என்றோ, கடின உழைப்பாளி என்றோ இதற்கு அர்த்தம் இல்லை. 130 கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரம் கண்ணாடிக் கட்டடங்களாக எழுந்துகொண்டிருந்தது, அதற்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மீதியை அரசாங்கமும் வங்கியும் பார்த்துக்கொண்டன. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. கோச்சிங் என்றால் என்னவென்றே தெரியாத எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் போதும் என்றானது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை நான் சேர்ந்த அந்த 2010–11ஆம் கல்வியாண்டில்தான் வந்தது. நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கல்விக் கடன் கிடைத்தது. மேடையில் இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. அம்மாவின் பட்டினிக்கு வரும் கைதட்டல் கல்விக் கடனுக்கு வராது என்று எனக்கே தெரிந்திருந்தது போல.

*

"தினமும் குடிக்கிற ரெண்டு டீயை நிறுத்துங்க, கோடீஸ்வரர் ஆகலாம்" என்று சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுச் சரக்குதான். அமெரிக்காவில் டேவிட் பாக் காபியை வைத்துச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் டிம் கர்னர் என்ற கட்டடத் தொழிலதிபர் 2017இல் அவகாடோ டோஸ்ட்டை வைத்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். நம் ஊருக்கு வரும்போது அது டீ ஆகிவிட்டது.

சரி, போட்டே பார்ப்போம். ஒரு டீ 15 ரூபாய், நாளுக்கு இரண்டு, மாதம் 900 ரூபாய். அதை முப்பது வருடம் விடாமல் பங்குச் சந்தை ஃபண்டில் போடுகிறோம். வருடத்துக்கு 12 சதவீதம் வளர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முடிவில் சுமார் 31 லட்சம் வரும். வீடியோ இந்த இடத்தில் இசையோடு முடிந்துவிடும். முப்பது வருடத்தில் விலைவாசியும் ஏறுமே? வருடத்துக்கு 6 சதவீதம் என்று வைத்தால், அந்த 31 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஐந்தரை லட்சம் ரூபாய்.

முப்பது வருடம் டீ குடிக்காமல் இருந்ததற்கு ஐந்தரை லட்சம். வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல பணம்தான். ஆனால் இதற்குப் பெயர் செல்வம் இல்லை. ஒரு பெரிய ஆபரேஷனுக்குக் காணும்.

குறைப்பதற்கு ஒரு தரை உண்டு. பத்தாயிரம் செலவு செய்கிறவர் எவ்வளவு குறைத்தாலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது, பூஜ்ஜியத்துக்கு வெகு முன்னாலேயே உடம்பு போய்விடும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் வீட்டில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் யார் தட்டில் குறையும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். 'குடும்பச் சிக்கனம்' என்று நாம் சொல்வது பல வீடுகளில் ஒரே ஒருத்தியின் சாப்பாடு.

*

தருமபுரிக்காரன் என்பதால் இதைப் பேசும் கடமை எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். 1989இல், ஐஃபாட் என்கிற ஐ.நா.வின் வேளாண் நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கே ஆரம்பித்தது. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் எங்கள் மாவட்டத்துக்குள் இருந்தன. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவி, 1990களின் கடைசியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் போனது. சேமிப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வாரம் கூடு, சேமி, அதிலிருந்து கடன் கொடு, திருப்பிக் கட்டு.

அந்தக் குழுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பெண்கள் வங்கிப் படி ஏறியதும், கையெழுத்துப் போடப் பழகியதும், கிராம சபையில் எழுந்து பேசியதும் அதற்குப் பிறகுதான். பணக் கணக்கிலும் அது ஒரு பெரிய காரியம் செய்தது, அதைச் சரியான பெயரில் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவசரத்துக்குக் கடன் என்றால் வட்டிக்காரர்தான். நூற்றுக்கு அஞ்சு வட்டி. பத்தாயிரம் வாங்கினால் மாதம் 500, வருடம் 6,000 ரூபாய். குழுவில் நூற்றுக்கு ரெண்டு, அதாவது வருடம் 2,400. ஒரே கடனில் வருடத்துக்கு 3,600 ரூபாய் மிச்சம். அம்மா மூன்றரை வருடம் சேர்த்த தொகை அது.

எங்கள் வீட்டில் உருப்படியாகக் குறைந்த செலவு ஒன்றே ஒன்று: வட்டி. அதைக் குறைத்தது பட்டினி அல்ல. பதினைந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்ததும், அவர்களை நம்பி வங்கி கடன் கொடுத்ததும்தான் குறைத்தன.

அப்படியும் எங்கள் அம்மா பணக்காரர் ஆகவில்லை. அவர் குழுவில் யாரும் ஆகவில்லை. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. ஹைதராபாத் உட்பட ஆறு நாடுகளில் நடந்த சிறுகடன் ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சிறுகடனால் நன்மை உண்டு, ஆனால் வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றும் அளவுக்கு இல்லை என்பதே அவற்றின் சாரம். அதே 2015இல் இந்தியா உட்பட வேறோர் ஆறு நாடுகளின் ஆய்வும் வந்தது. மிக ஏழைக் குடும்பங்களுக்கு மாடு, ஆடு போன்ற ஒரு சொத்தை இலவசமாகவே கொடுத்து, கொஞ்ச காலம் கைச்செலவுக்கும் கொடுத்து, பயிற்சியும் கொடுத்தார்கள். உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் கூடுதலாகவே இருந்தன. வரவுக்கு ஒரு வழி கிடைத்தபோது நிலைமை நகர்ந்தது. சொல்லப்போனால், கையில் வரவு வந்த பிறகு அவர்கள் சேமிப்பும் கூடியது.

*

இதை வாசித்துவிட்டு "அப்ப அதிகமா சம்பாதிக்கணும், அதானே ப்ரோ?" என்று இன்னொரு கூட்டம் வரும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்ன நாராயண மூர்த்தியைக் கேட்டுவிட்டு, சம்பாதிக்காததற்குச் சோம்பல்தான் காரணம் என்று முடிவுகட்டுகிற கூட்டம் அது. பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே தக்காளியை, பறிகூலிக்குக் கட்டாது என்று செடியிலேயே விட்ட சீசன்களும் உண்டு. இரண்டு சீசனிலும் அவர் உழைப்பு ஒன்றுதான்.

என் கதையும் அப்படித்தான். 2014இல் எனக்குக் கைக்கு வந்தது மாதம் 22,000. எக்செல் போட்டு, காலைச் சாப்பாட்டை விட்டு, மாதம் மூவாயிரம் மிச்சம் பிடித்தேன். இரண்டு வருடத்தில் 72,000. பிறகு வேலை மாறினேன், 45,000 வந்தது. அந்த 72,000ஐ நான்கே மாதத்தில் சேர்த்துவிட்டேன், காலையில் இட்லியும் சாப்பிட்டுக்கொண்டு. வேலை மாற முடிந்ததற்கு என் திறமை கொஞ்சம் காரணம். சந்தையில் அப்போது ஆள் தேவைப்பட்டது பெரிய காரணம். இன்று வேலைக்குச் சேரும் தம்பிகளுக்குப் பெரிய சேவை நிறுவனங்கள் தரும் தொடக்கச் சம்பளம், விலைவாசி இவ்வளவு ஏறிய பிறகும், மூன்று மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. அவர்களிடம் போய் 50–30–20 என்று சம்பளத்தைப் பிரிக்கச் சொல்கிறோம். பெங்களூரில் ரூம் வாடகையும் சாப்பாடும் போனால் பிரிக்க என்ன இருக்கும்?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் இரண்டு லட்சம் வாங்கி, கார் இ.எம்.ஐ., வீட்டு இ.எம்.ஐ., போன் இ.எம்.ஐ. என்று மாதக் கடைசியில் என்னிடம் ஐயாயிரம் கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்குச் சிக்கனம் அவசியம். வரவு வந்த பிறகு அதைக் காப்பாற்றத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு வந்தாலும் நிற்காது. நான் மறுப்பது அந்தச் சிக்கனத்தை அல்ல. வரவே இல்லாத இடத்தில், வரவுக்குப் பதிலாக அதை விற்பதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்று. டீயை நிறுத்தச் சொல்கிற அதே வாய்தான் மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தை 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்கிறது. அந்தப் பேருந்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. மேலே சொன்ன டீக் கணக்கு 900 ரூபாய். ஏறக்குறைய ஒரே தொகை. அவள் தன் வயிற்றில் பிடித்தால் அது ஒழுக்கம், அரசு டிக்கெட்டில் விட்டுக்கொடுத்தால் அது கெடுதல். இது என்ன நியாயம்? டீயை நிறுத்தினால் டீதான் மிச்சம். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து டவுனில் இருக்கிற வேலைக்கும் போகலாம்.

*

அம்மாவுக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது. முழங்கால் வலி, சர்க்கரை, எலும்புத் தேய்மானம். டாக்டர் பால், முட்டை எல்லாம் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். வாங்கி வைத்தால் பாதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். பழகிவிட்டது என்கிறார். இருபது வருடத்துக்கு முன் வாரம் இருபது ரூபாய் என்று சேர்த்ததைவிடப் பல மடங்கு இப்போது மாத்திரைக்குப் போகிறது. அந்தச் செலவை எந்தச் சேமிப்புக் கணக்கில் கழிப்பது?

அந்தக் கல்லூரியில் மறுபடி கூப்பிட்டால் போவேன். அப்பா ஏறிய பஸ், ஒழிந்த நுழைவுத் தேர்வு, கல்விக் கடன், நூற்றுக்கு அஞ்சிலிருந்து ரெண்டாக இறங்கிய வட்டி, எல்லாவற்றையும் தொகையோடு சொல்வேன். கைதட்டல் குறைவாகத்தான் இருக்கும். அம்மா பட்டினி கிடந்ததையும் சொல்வேன். அதைச் செலவுப் பக்கத்தில் வைத்துச் சொல்வேன்.