நம் வீட்டு அமானிதம் தேநீர் இடைவேளைக்கு உரியதல்ல

 

பொழுது புலரும் முன்பே தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பகுதிகளிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேன்கள் புறப்படுகின்றன. புளி உரிக்கும் இடங்களில் பெண்கள் வட்டமாக அமர்கிறார்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆண்கள் தேநீருக்குக் கூடுகிறார்கள். எங்கும் கை தன் வேலையைச் செய்கிறது. நாவோ வீட்டைத் திறந்து காட்டுகிறது. கணவரின் கடன், மருமகளின் சிகிச்சை, மகளுக்கு வந்த வரன் தட்டிப்போன காரணம் என அனைத்தும் உடன் வேலை செய்வோர் முன் கொட்டப்படுகின்றன. இதற்கு நாம் ‘மனம் விட்டுப் பேசுதல்’ என்று அழகிய பெயர் சூட்டியிருக்கிறோம். இதன் பெரும்பகுதி அமானித மோசடியே என்பது நம் வாதம்.

‘என் விஷயத்தைத்தானே சொல்கிறேன்’ என்கிறோம். உண்மையில் அது யாருடைய விஷயம்? கடன் கணவருடையது. நோய் மருமகளுடையது. தட்டிப்போன வரனின் வலி மகளுடையது. அவர்கள் நம்மை நம்பி வீட்டுக்குள் வைத்ததை, அவர்களிடம் கேளாமலே வெளியில் எடுத்துக் கொடுக்கிறோம். தம் மனைவியுடனான அந்தரங்கத்தை வெளியிடுபவரை மறுமையில் மிக மோசமான நிலையில் இருப்பவர்களுள் ஒருவராக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சிறுவரான அனஸ் (ரலி), நபியவர்கள் அனுப்பிய வேலை இன்னதென்று பெற்ற தாயிடமும் சொல்லவில்லை; அந்தத் தாயும் அதை யாரிடமும் சொல்லாதே என்றே மகனுக்கு அறிவுறுத்தினார். ஒரு சிறுவர் காத்த கண்ணியத்தை, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த நாம் காக்க முடியாதா?

நம் மாவட்டத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. பெருநகரில் அலுவலகப் பேச்சு அலுவலகத்தோடு முடியலாம். இங்கு வேனில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பக்கத்துத் தெருக்காரர். அவருடைய நாத்தனார் நம் சம்பந்தியின் உறவினர். காலையில் சொன்ன சொல் மாலையில் பென்னாகரம் சேர்ந்துவிடும். நாளை நிகாஹுக்காக ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும்போது, அந்தச் சொல்தான் முதலில் எழுந்து நிற்கும். சொன்னவர் மறந்திருப்பார், விலை கொடுப்பது அந்தப் பெண்.

‘அப்படியானால் கொடுமையை அனுபவிப்பவள் வாய்மூடிக் கிடக்க வேண்டுமா?’ என்ற கேள்வி நியாயமானது. ஒருபோதும் இல்லை. கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) நபியவர்களிடமே முறையிட்டார். தமக்கும் பிள்ளைகளுக்கும் தேவையானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றார். கணவரைப் பற்றிய கவ்லா (ரலி) அவர்களின் முறையீட்டுக்குப் பதிலாகவே குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. இருவரும் தீர்வு தரக்கூடிய இடத்தில் பேசினார்கள். பெற்றோர், ஜமாஅத்தின் நம்பிக்கைக்குரியோர், மருத்துவர், வழக்கறிஞர், காவல் நிலையம் ஆகியவை நம் காலத்தின் அத்தகைய இடங்கள். உடன் வேலை செய்பவரே உண்மையான துணையாக இருந்தால், அந்த ஒருவரிடம் தனியே உதவி கேட்பதும் தவறில்லை. முறையீடு தீர்வைத் தேடுகிறது. வேனில் பேசும் பேச்சு கேட்பவரைத் தேடுகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தபோது நாமும் மகிழ்ந்தோம். நம் வீட்டுக்குள் அரசு எட்டிப் பார்க்கக் கூடாது என்றோம். அந்த வீட்டின் கதவை நாமே அன்றாடம் திறந்து வைத்தால், அந்த மகிழ்ச்சிக்கு என்ன பொருள்?

பொய் சொல்ல வேண்டியதில்லை. விடுப்புக்கு ‘வீட்டில் ஓர் அவசரம்’ என்பதே பெரும்பாலும் போதும். ‘ஏன் இன்னும் குழந்தை இல்லை?’ என்று கேட்டால், ‘துஆ செய்யுங்கள்’ என்று முடித்துக்கொள்ளலாம். அப்படிக் கேட்பவர்களாக நாம் இல்லாதிருப்பது அதனினும் மேல். கேட்டது காதில் விழுந்துவிட்டால், அது நம்மோடு நிற்கட்டும்.

இன்று வீடு திரும்பியதும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்: இன்று நாம் பேசியதை, பேசப்பட்டவர் அருகில் அமர்ந்து கேட்டிருந்தால் நம் முகத்தைப் பார்த்திருப்பாரா?

நம் குறைகளை மறைத்துக் காக்கும் வல்ல அல்லாஹ், பிறர் குறைகளை மறைக்கும் மனத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.