கந்தை தைக்க வாரீர்!

சென்ற மாதம் நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு கருத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் செயலாளர் அண்ணன், "அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றார். போய்விட்டோம். கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். இதழாசிரியர் மூன்று பக்கம் தருகிறேன் என்கிறார். ஆகவே அன்று விட்டதை இன்று தொடர்கிறேன். சிரிக்க விரும்புவோர் மீண்டும் சிரிக்கலாம். கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

நான் சொன்னது இதுதான்: நம் சங்க அறையை வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் திறந்து வைப்போம். பழைய வேட்டி, பழைய சேலை கொண்டுவந்து, எல்லாரும் உட்கார்ந்து ஒரு போர்வை தைப்போம்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. பல்கலைக்கழகத்தின் பின்வாயிலைக் கடந்து, குளத்தை ஒட்டிய சந்தில் நடந்தால் பச்சைச் சன்னல்கள் வைத்த ஒரு பழைய வீடு வரும். அதன் கீழ்க்கட்டில் சனிக்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் கூடிக் காந்தா தைக்கிறார்கள். வீட்டுக்குரிய அம்மையாரை நாங்கள் மாசிமா என்போம். நம் ஊரில் பெரியம்மா, சித்தி என்கிற முறைதான். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், சந்தையில் மீன் விற்கும் அண்ணி ஒருவர், கல்லூரிப் பெண்கள் சிலர். என் விடுதி அறைத்தோழிதான் என்னை முதலில் அழைத்துப் போனாள். நான் திருநெல்வேலிப் பக்கம். கொல்கத்தாவின் முதல் மார்கழியில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒற்றைப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். "வா, போர்வை தைக்கிற இடம் ஒன்று இருக்கிறது" என்றாள். போர்வைக்கு ஆசைப்பட்டுத்தான் போனேன், அதை மறைப்பானேன்? ஒன்றரை ஆண்டு ஆகிறது. போர்வை இன்னும் முடியவில்லை.

காந்தா என்பது வேறொன்றுமில்லை. உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்துக் கஞ்சிப்பசை எல்லாம் போய் மெத்தென்று ஆன பழைய சேலைகளையும் வேட்டிகளையும் மூன்று நான்கு மடிப்பாகத் தரையில் விரிப்பார்கள். சுருக்கம் இல்லாமல் நீவி, ஓரங்களில் கனமான பொருள்களை வைத்து, பெரிய பெரிய தையலாக முதலில் ஒட்டுப்போடுவார்கள். பிறகு ஊசியை முன்னே குத்தி முன்னே எடுக்கும் ஓட்டுத் தையல்; அது ஒன்றுதான் அடிப்படை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு தாமரை, மீன், யானை, தேர் என்று என்ன வேண்டுமானாலும் வரைகிறார்கள். இடைவெளிகளையும் நெருங்கிய தையலால் நிரப்பும்போது துணி முழுவதும் சிற்றலை போல் நெளிந்துவிடும். முற்காலத்தில் நூல்கூடக் கடையில் வாங்குவதில்லை. பழஞ்சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவிக்கொள்வார்களாம். குளிருக்குப் போர்த்துவது லேப் காந்தா. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பதற்கு ஆர்சிலதா என்று தனியே ஒன்று உண்டு.

இயற்பியல் மாணவி என்பதால் ஒரு குறுக்குப் பேச்சு. நான்கு மெல்லிய துணிகளைச் சேர்த்தால் ஒரு தடித்த துணியைக் காட்டிலும் ஏன் இதமாக இருக்கிறது? மடிப்புகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் காரணம். வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைப் போல் சோம்பேறி அரிது. அந்தக் காற்றை அங்கங்கே நகராமல் பிடித்து வைப்பதே தையலின் வேலை. இதை மாசிமாவிடம் விளக்கினேன். "காற்றுக்கா இத்தனை தையல் போட்டேன்!" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். கண் தெரிகிற இளையவர்கள் எல்லாருக்கும் நூல் கோத்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

அங்கே நடக்கும் கூத்தைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ தவம் செய்துவிட்டு வருவதாக நினைத்துக்கொள்வீர்கள். முதல் மாதம், "காகா வந்திருக்கிறார், தேநீர் போடு" என்றார் ஒருவர். நான் சன்னலைப் பார்த்தேன். காக்கைக்கு எதற்குத் தேநீர்? காகா என்றால் இவர்கள் மொழியில் சிற்றப்பாவாம். அதிலிருந்து அந்தச் சிற்றப்பா வந்தாலே எல்லாரும் என்னைப் பார்த்துக் 'கா கா' என்று கரைவார்கள். பாவம், அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. வங்காளத்தில் தண்ணீரையும் 'சாப்பிடு' என்றுதான் சொல்லுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அம்மாவிடம், "இப்பதான் தண்ணி சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "மென்னு சாப்பிட்டியா, முழுங்கிட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

கால்பந்து நாள்களில் தையல் நடப்பது அரிது. மோகன் பகான் கழகம் 1889-இல் பிறந்தது, ஈஸ்ட் பெங்கால் 1920-இல். அன்று தொடங்கிய சண்டை மாசிமா வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பத்தார் ஈஸ்ட் பெங்கால் பக்கம். அவர்களுக்கு இலிஷ் மீன். மற்றவர்கள் மோகன் பகான், அவர்களுக்கு இறால். மீன் விற்கும் அண்ணி மட்டும் இரண்டு பக்கமும் இல்லை. "யார் வென்றாலும் என் கூடை காலி" என்பார். பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு கிண்ணம் சுற்றிவரும். அந்த நெடி எனக்கு முதலில் குமட்டியது. இப்போது அது இல்லாத சனிக்கிழமை சப்பென்று இருக்கிறது. பொரி தின்ற கையால் துணியைத் தொட்டால் மட்டும் தொலைந்தோம்.

ஒரு சனிக்கிழமை நான் போகவில்லை. காய்ச்சல். யாருக்கும் சொல்லவும் இல்லை. அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். மாலை ஐந்தரை மணிக்கு விடுதிக் காவலர் கூப்பிடுகிறார். மீன் விற்கும் அண்ணி தூக்குப் பாத்திரத்தில் கிச்சடியோடு வாயிலில் நிற்கிறார். "உன் இடம் காலியாக இருந்தது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கிச்சடி ஆறுமுன் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு ஆகத்தில் முதலாண்டு வகுப்பில் சேர்ந்தவர் ஒரு தம்பி. பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு இப்போது நினைவும் இராது. திசம்பர் மாதம் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போனது நமக்கு எப்போது தெரிந்தது? பதினெட்டு நாள் கழித்து, பொங்கல் நன்கொடைக்காக அவர் அறையைத் தட்டியபோது. நன்கொடைப் பட்டியல் என்னிடம் இருந்தது. அவர் பெயருக்கு நேரே நான் 'பாக்கி' என்று எழுதி வைத்திருந்தேன். நம் வாட்சாப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். அந்தப் பதினெட்டு நாளில் அக்குழுவில் நூற்றுக்கணக்கான செய்திகள் போயின. கரும்பு விலை உட்பட.

பிறகு அவரிடம் தொலைபேசியில் பேசினேன். மொழி புரியவில்லை, உணவு பிடிக்கவில்லை, தேர்வு ஒன்றில் தவறிவிட்டது என்று சொன்னார். இவையெல்லாம் நம் எல்லாருக்கும் நேர்ந்தவைதாமே! "சங்கத்துக்கு வந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன். "வந்தேன் அக்கா. மூன்று விழாவுக்கும் வந்தேன். எல்லாரும் மேடையில் ரொம்ப நன்றாகப் பேசினார்கள்" என்றார்.

அந்தச் சொல் என்னை இன்னும் உறுத்துகிறது. நம் விழாக்களை நான் குறைகூறவில்லை. பொங்கல் வேண்டும், பாரதி விழா வேண்டும், பட்டிமன்றமும் வேண்டியதுதான். ஆனால் நம் கூட்டம் ஒவ்வொன்றும் பேசத் தெரிந்தவனுக்காகவே அமைந்திருக்கிறது. பேசத் தெரியாதவன் கைதட்டலாம், நாற்காலி அடுக்கலாம், பிறகு அறைக்குப் போகலாம். ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிற இடத்தில் ஒருவன் வராததை யார் கவனிப்பார்கள்? வாரந்தோறும் எட்டுப் பேர் உட்காருகிற பாயில் ஓர் இடம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். அண்ணி கண்டுபிடித்தது அப்படித்தான். அவருக்கு என்மேல் தனிப் பாசம் என்று நான் பெருமை கொள்ளவில்லை.

"அப்படியானால் வாரந்தோறும் கூடிப் பேசுவோமே, ஊசி எதற்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. என் விடை இது: கையில் வேலை இருந்தால் வாய்க்கு விடுதலை. எனக்கு வங்காளி தெரியாத முதல் மூன்று மாதம் அந்தப் பாயில் நான் ஊமையாகவே உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னைப் பேசு பேசு என்று துளைக்கவில்லை. நான் தைத்துக்கொண்டிருந்தேன், ஆகவே நான் அங்கே இருப்பதற்குக் காரணம் இருந்தது. வெறுங்கையோடு மௌனமாக ஒரு கூட்டத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து பாருங்கள். நான்காம் வாரம் போகமாட்டீர்கள். இன்னொன்று: தைக்கிறபோது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் துணிமேல் இருக்கும். முகம் பார்த்துச் சொல்ல முடியாதவை அப்போது வெளியே வருகின்றன. மாசிமாவின் தாயார் 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்தவர். ஒரு பெட்டியும் ஒரு காந்தாவுமாக வந்தாராம். அந்தக் கதையை மாசிமா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். என் ஆய்வுக்கட்டுரை திருப்பி அனுப்பப்பட்ட செய்தியை நானும் அப்படித்தான் சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"தையல் பெண்பிள்ளைகள் வேலை" என்று முணுமுணுத்த அன்பருக்கு ஒரு சொல். உங்கள் சட்டையைத் தைத்தவர் ஆணா பெண்ணா? நம் கடற்கரையில் வலை பின்னிப் பழுது பார்க்கிற கை யாருடையது? விடுதியில் அறுந்த பொத்தானை நீங்களே தைத்துக்கொள்வதை நான் அறிவேன், வெளியே சொல்லமாட்டேன். நேரம் இல்லை என்பவருக்கும் ஒரு சொல். ஆய்வகத்தில் பம்பைப் போட்டுவிட்டு வெற்றிடம் வருகிறதா வருகிறதா என்று அளவுமானியின் முன் எத்தனை மணி நேரம் தவம் கிடக்கிறோம்!

"நீ வங்காளியாகிவிட்டாய்" என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. இதற்குத்தான் எனக்குச் சினம் வந்தது. பழந்துணியை அடுக்கித் தைப்பது வங்காளத்துக்கு மட்டும் உரியதா? பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, கருநாடகத்துச் சித்தி மக்களிடம் கவந்தி. வடமொழியில் கந்தா, இங்கே காந்தா, நம்மிடம் கந்தை. எல்லாம் ஒரே சொல்வழி. நம் பாட்டி பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டினாள், மடித்துப் பிள்ளைக்கு விரித்தாள். வங்கப் பெண் அதன்மேல் தையல் ஓட்டினாள். கந்தை என்றாலே நமக்கு வறுமை நினைவுக்கு வருகிறது, இவர்களுக்குக் கலை. குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி (1882–1941) ஊர் ஊராகப் போய்த் திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களில் காந்தாக்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தாள். அந்தச் செய்தியை ஊசியாலேயே துணியில் எழுதியும் வைத்தாள். காந்தா தைத்ததற்காகப் பிரீதிகணா கோஸ்வாமி அவர்களுக்கு 2023-இல் பத்மசிறீ விருது கிடைத்தது. அண்டை வீட்டுக்காரி கற்றுத் தருகிறதைக் கற்றுக்கொண்டால் என் தமிழ் எங்கே தேய்ந்துவிடும்?

நான் கேட்பது பணமன்று. தீர்மானமும் வேண்டாம். சங்க அறையின் சாவி ஒன்று வேண்டும். அது வரும்வரை நூலகத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடி யாருக்கும் பூட்டப்பட்டதன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அங்கே பாய் விரித்திருப்பேன். ஊசி பன்னிரண்டு இருக்கிறது, நூல் இருக்கிறது. ஊரிலிருக்கும் அந்தத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை அஞ்சலில் அனுப்பியிருக்கிறார். அடுத்த ஆண்டு திரும்ப வந்து சேரலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த வேட்டிதான் அடித்துணி. மேலே போட நீங்கள் ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள். துவைத்துக் கொண்டு வாருங்கள்.