எழுதிய பத்திரமும் ஏழையின் கூரையும்



பிழைப்பைத் தேடி வேலூர், திருத்தணி பகுதிகளிலிருந்து புறப்பட்டு, சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் பல வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றன. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் ரோமாபுரியில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தே ஊழியம் செய்தார். ஆனால் கையில் ஒரு துண்டு எழுத்தும் இல்லாமல் வாடகைக்கு இருப்பது இந்நாட்களில் மிகவும் ஆபத்தானது.

முன்பு சட்டமே குடியிருப்போருக்கு அரணாக இருந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வாடகை பாக்கி, உள்வாடகை போன்ற காரணங்களை உரிய அதிகாரியின் முன் நிரூபித்தாலன்றி ஒருவரை வெளியேற்ற இயலாது. 2017இல் இம்மாநிலம் குடியிருப்பு மற்றும் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான புதிய வாடகைச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்திய அமைச்சரவையும் 2021 ஜூன் 2 அன்று மாதிரி வாடகைச் சட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இவை மூன்றின் போக்கும் ஒன்றே: வாடகையை இரு தரப்பாரும் பேசி முடிவு செய்யவேண்டும், பேசியது எழுத்தில் இருக்கவேண்டும். அதாவது, முன்பு சட்டம் தந்த பாதுகாப்பை இனி ஒப்பந்தப் பத்திரமே தரவேண்டியுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சென்னையிலுள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே முடிவெடுக்காதீர்கள். தமிழ்நாட்டுச் சட்டம் வீட்டு அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்கு மிகாமல் வைக்கச் சொல்லுகிறது. மாதிரிச் சட்டமோ இரண்டு மாதம் என்கிறது. மாநிலம் ஏற்றுக்கொண்டாலன்றி மாதிரிச் சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது. திருத்தணியைத் தாண்டி வந்தவருக்கு ஆந்திரச் சட்டமே பொருந்தும்.

எழுத்து இல்லாவிட்டால் என்ன நேரிடும்? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகையை 15 நாள் எழுத்துமூல நோட்டீஸினால் முடித்துவிடலாம். பள்ளி ஆண்டின் நடுவில், பிள்ளைகளோடு, பதினைந்து நாட்களில் வேறு வீடு தேடுவது எத்தனை கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

"அவரும் விசுவாசிதானே, பத்திரம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்திலிருந்த நிலத்தைத் தன் சொந்த உறவினனிடமே வாங்கினார். ஆயினும் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, அப்பத்திரம் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார் (எரேமியா 32). பத்திரம் எழுதுவது அவிசுவாசம் அன்று. அது அன்பிற்கு இடும் வேலி.

ஆகவே வாடகை, அட்வான்ஸ், காலம், எத்தனை மாத முன்னறிவிப்பு, பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாடகைக்கு ரசீது கேளுங்கள். பத்திரம் பெரும்பாலும் தெலுங்கிலேயே இருக்கும். தெலுங்கு பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் நம்மில் உண்டு. சபையில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரிவரியாக வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்திடுங்கள்.

வாடகை வீட்டில் சபை நடத்தும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. எதற்காக வாடகைக்கு விடப்பட்டதோ அதைவிட்டு வேறு பயனுக்கு, எழுத்துமூல சம்மதம் இன்றி, கட்டடத்தைப் பயன்படுத்துவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வெளியேற்றுவதற்கான காரணமாக இருந்தது. வீட்டுக்காரர் வாயால் சம்மதித்தது நாளை அவருடைய மகனிடம் செல்லாது. ஜெபக்கூட்டம் நடத்த அனுமதி உண்டு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டை வாடகைக்கு விடும் விசுவாசிகளே, உங்களுக்கும் கடமை உண்டு. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி நெருக்கக்கூடாது என்றும், 24 மணி நேரத்திற்கு முன் அறிவிக்காமல் குடியிருப்பவரின் வீட்டிற்குள் நுழையக்கூடாது என்றும் மாதிரிச் சட்டம் கூறுகிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்க அயலானின் வீட்டிற்குள் புகாமல் வெளியே நிற்கவேண்டும் என்று மோசேயின் பிரமாணம் என்றோ கட்டளையிட்டுவிட்டது (உபாகமம் 24). ஏழையின் வாசற்படிக்கும் கனம் உண்டு.

பத்திரம் எழுத வீடே இல்லாதவர்களை நாம் மறந்துவிடலாகாது. 2010இல் உச்சநீதிமன்றம் உணவு உரிமை வழக்கில், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், லட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இடமும், ஒருவருக்கு 50 சதுர அடியும் என அளவு வகுத்தது. 2011 கணக்கெடுப்பில் திருப்பதி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,87,000. அந்த அளவின்படி ஏறக்குறைய 300 பேருக்கு இடம் வேண்டும். பேருந்து நிலையத்தருகிலும் ரயில் நிலையத்தருகிலும் படுத்திருக்கும் முதியவரைக் கண்டால், உணவுப் பொட்டலம் கொடுப்பதோடு நின்றுவிடாமல், மாநகராட்சியின் தங்குமிடம் எங்கே என்று விசாரித்து அழைத்துச் செல்லுங்கள். தலைசாய்க்க இடமில்லாதிருந்த ஆண்டவரைப் பின்பற்றுகிற நமக்கு இது அந்நியமான வேலையன்று.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

இம்மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். குடும்ப ஜெபம் முடிந்தபின் பெட்டியைத் திறந்து, உங்கள் வாடகைப் பத்திரம் இருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். இல்லையெனில் வீட்டுக்காரரிடம் சமாதானத்தோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.