சுருட்டுக்கு ஒரு நீதி, சிகாருக்கு ஒரு நீதியா?



புகைப்பழக்கம் உடலைக் கெடுக்கும் என்று அறிவுரை கூற இப்பதிவை எழுதவில்லை. அதை எல்லாரும் அறிவர், புகைப்பவரும் அறிவர். நம்மவர் நடுவே அண்மைக்காலமாகத் தலைதூக்கியிருக்கும் ஒரு பகட்டைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. சிகார் பகட்டு!

திருமண விருந்தோ, தீபாவளி ஒன்றுகூடலோ, சங்கத்தின் ஆண்டு விழாவோ, ஏதாவதொரு மேசையில் ஒருவர் இருப்பார். சட்டைப் பையிலிருந்து தோலுறையை எடுப்பார். உறைக்குள்ளிருந்து பெருவிரல் தடிமனில் ஒன்று வெளிவரும். "இது கியூபா" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதன்பின் ஒரு பேருரை தொடங்கும். நுனியை எந்த அளவில் வெட்ட வேண்டும், பெட்ரோல் வாடை அடிக்கும் கொளுத்தியால் ஏன் பற்றவைக்கக் கூடாது, சாம்பலை ஏன் தட்டக் கூடாது, காகித வளையத்தை எந்த நேரத்தில் கழற்றுவது... ஆகமவிதி கூட இத்தனை கடினமில்லை. எதிரே இருப்பவர் பாவம், அறியாமல் தம்மிடமுள்ள நிக்காராகுவா சிகார் ஒன்றை நீட்டிவிட்டால் போதும். ஒரு முகச்சுளிப்பு, ஒரு மெல்லிய புன்னகை. "பரவாயில்லை, தொடக்கத்தில் எல்லாரும் இப்படித்தான்!"

பிறகு சுவை விளக்கம். முதல் மூன்றிலொரு பங்கில் காப்பி, நடுவில் கோகோ, கடைசியில் தோலும் கேதுரு மரமும் மழை நனைத்த மண்ணும். வீட்டு ரசத்தில் சீரகம் குறைந்ததைக் கண்டுபிடிக்க இயலாத நாக்கு, புகைக்குள்ளே ஒரு மளிகைக் கடையையே கண்டுபிடித்துவிடுகிறது!

தரவேறுபாடே கிடையாது என்று நான் வாதிடவில்லை. நல்ல சிகாரில் நடுவில் நிரப்பும் இலை, அதைக் கட்டும் இலை, வெளியே சுற்றும் இலை என மூன்று உண்டு. மூன்றும் வெவ்வேறு வகையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அடுக்கி வைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பதப்படுத்துகிறார்கள். விளைந்த மண்ணும் சுற்றிய கையும் மணத்தை மாற்றும் என்பது உண்மையே. நம் பகட்டாளர் போற்றுவது இவற்றையா, அந்தக் காகித வளையத்தையா என்பதே என் கேள்வி.

இதற்கு விடையை அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் நூறாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். புகையிலையைப் பற்றிய கட்டுரையொன்றில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். டுவெய்ன் மலிவான, நாற்றமடிக்கும் சுருட்டுகளுக்குப் பெயர்போனவர். அவருடைய நண்பர்களில் ஒருவரோ விலையுயர்ந்த சுருட்டுகளுக்குப் பெயர்போனவர். டுவெய்ன் ஒருநாள் அந்நண்பரின் வீட்டிலிருந்து ஒன்று நாற்பது காசு பெறுமதியுள்ள உயர்தரச் சுருட்டுகளை அள்ளிவந்தார். அவற்றின் சிவப்பும் பொன்னும் கலந்த அடையாளத் தாள்களை உரித்துவிட்டு, தம்முடைய மலிவுப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தார். அன்றிரவு பன்னிரண்டு நண்பர்களுக்கு விருந்து. உணவு முடிந்ததும் பெட்டி சுற்றிவந்தது. எல்லாரும் பற்றவைத்தார்கள், பேச்சு நின்றது, முகங்கள் வாடின. ஏதேதோ சாக்குச் சொல்லி ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் வாசற்கதவிலிருந்து வெளிக்கேட்டு வரை சுருட்டுகள் சிதறிக் கிடந்தன. ஒன்று மட்டும் அங்கில்லை. அது உணவுத் தட்டிலேயே கிடந்தது. அந்தத் தட்டு யாருடையது தெரியுமா? சுருட்டின் சொந்தக்காரருடையது! தம் சுருட்டையே அவரால் இரண்டு இழுப்புக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

நகைச்சுவையாளர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் தாளை உரித்தால் தகுதியும் உரிந்துவிடுகிறது என்பதில் மிகை எங்கே?

1992-இல் நியூயார்க்கில் 'சிகார் அஃபிசியனாடோ' என்ற இதழ் தொடங்கியது. நூறு புள்ளிகளுக்குச் சிகார்களை மதிப்பிட்டது. அட்டையில் நடிகர்களையும் செல்வந்தர்களையும் போட்டது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் சிகார் விற்பனை கிடுகிடுவென ஏறியது. நாம் ஆசிரியர்கள் அல்லவா, மதிப்பெண்ணின் மகிமை நமக்குத் தெரியாதா? வேடிக்கை என்னவென்றால், அந்த இதழின் மதிப்பீட்டாளர்களே வணிகப்பெயரை மறைத்துவிட்டுத்தான் புகைத்துப் பார்க்கிறார்கள். பெயர் கண்ணில் பட்டால் நாக்கு பொய் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மதிப்பெண்ணை மேற்கோள் காட்டும் நம்மவர் மட்டும் பெயரைப் பார்த்தே சுவைக்கிறார்!

கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் கோஹிபா வாங்கிவந்ததாக ஒருவர் பெருமை பேசக் கேட்டிருக்கிறேன். கோஹிபா அத்தகைய பெட்டியில் வெளிவருவதே இல்லை. சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்டும் போலிச் சரக்கு அது. அவர் அதிலும் கோகோவின் சுவையைக் கண்டாராம்...

இவர்கள் அறியாத, அறிய விரும்பாத ஒரு பக்கமும் அந்தச் சிகாருக்கு உண்டு. ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய பக்கம் அது. 1865-ஆம் ஆண்டு ஹவானாவில் எல் ஃபிகாரோ என்னும் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. நாள் முழுதும் குனிந்த தலை நிமிராமல் இலை சுற்றும் தொழிலாளர்களுக்கு ஒருவர் அமர்ந்து உரக்கப் படித்துக் காட்டுவார். செய்தித்தாள் படிப்பார், நாவல் படிப்பார். அவருக்குரிய கூலியை முதலாளி தரவில்லை. தொழிலாளர்களே தங்கள் ஊதியத்திலிருந்து பகிர்ந்து கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் இப்படிக் காதால் கற்றார்கள். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அஞ்சிப்போய் இதற்குத் தடை போட்டது. தடையையும் மீறி அந்த வழக்கம் பிழைத்து, கடல் கடந்து அமெரிக்காவின் தம்பா நகருக்கும் சென்றது. அங்கே 1931-இல் முதலாளிமார் படிப்பவர்களை வெளியேற்றியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். படித்தது பிடித்துவிட்டால் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டுவார்களாம். அதுதான் அவர்களுடைய கைதட்டல். மொந்தேகிறிஸ்தோ என்று நம்மவர் நாக்கைச் சுழற்றி உச்சரிக்கும் பெயர் அலெக்சாந்தர் துமாவின் நாவலிலிருந்து வந்தது. கேரளத்தின் கண்ணூரில் பீடி சுற்றியவர்களிடமும் ஒருவர் செய்தித்தாள் படிக்க மற்றவர் கேட்டுக்கொண்டே வேலை செய்யும் வழக்கம் இருந்தது. ஹவானாவும் கண்ணூரும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்யவில்லை. உழைப்பவனுக்கு எங்கும் அறிவுப்பசி உண்டு. இதையெல்லாம் ஒரு சிகார் பேருரையிலாவது கேட்டிருக்கிறீர்களா? சுற்றிய கையைப் பற்றி ஒரு சொல் வராது. சுற்றிய வளையத்தைப் பற்றி ஒரு மணிநேரம் வரும்.

கோஹிபாவையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் பிடல் காஸ்ட்ரோவுக்கெனச் சுற்றத் தொடங்கி, அயல்நாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாகப் போய், 1982-இல்தான் அது கடைக்கு வந்தது. காஸ்ட்ரோ 1985-இல் புகைப்பதையே நிறுத்திக்கொண்டார்! பாட்டாளிகளின் புரட்சி பெற்றெடுத்த பிள்ளை இன்று செல்வந்தர் மடியில் கொஞ்சுகிறது. அதன் விலையுயர்ந்த வரிசைக்குப் 'பெஹிக்கே' என்று பெயர். அது யார்? ஸ்பானியர் வருமுன் கியூபாவில் வாழ்ந்த தாய்னோ மக்களின் பூசாரி; மருத்துவமும் பார்ப்பவர். புகையிலைப் புகையின் துணையோடு தெய்வங்களோடு பேசியவர். கோஹிபா என்பதும் அந்தத் தாய்னோ மொழிச் சொல்தான்.

இப்போது நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். நம் முன்னோர் ரப்பர்க் காட்டுக்குள் நட்டுவைத்த சூலத்தடியில் முனியாண்டிக்கு எதைப் படைத்தார்கள்? சுருட்டு. இன்றும் படைக்கிறார்கள். பூசாரியின் வாயில் புகையும் அந்தச் சுருட்டைப் பார்த்து, "நாகரிகமில்லாத வழிபாடு, இதனால்தான் நம்மைப் பிற இனத்தார் மதிப்பதில்லை" என்று மேடையில் முழங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலரே இரவு விருந்தில் தாய்னோ பூசாரியின் பெயரை விரலிடுக்கில் தாங்கி நிற்கிறார்கள். ஊர் தெரியாத பூசாரியின் புகை உயர்வு. நம் ஊர்ப் பூசாரியின் புகை இழிவு! இடையில் மாறியது என்ன? விலை, மொழி, ஒரு துண்டுக் காகிதம்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல் இருக்கிறது. நம் 'சுருட்டு'தான் அங்கே அப்படி மாறியது என்று ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன. மலாயில் வழங்கும் செருத்து என்பதும் அதே குடும்பத்துச் சொல்தான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை பெயர்பெற்றிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கூறுகிறார். இதைச் சொன்னவுடன் நம்மவர் நெஞ்சு நிமிரும்; சர்ச்சிலே நம் திண்டுக்கல் சுருட்டைத்தான் விரும்பினார் என்ற கதையையும் சேர்த்துக்கொள்வார்கள். நோய் இதுவே, அன்பர்களே! ஆங்கிலேயன் வாயில் வைத்தால்தான் நம் சுருட்டுக்கு மதிப்பா? நம் பாட்டன் வாயில் இருந்தபோது அது என்ன, வெறும் குப்பையா?

இதில் பள்ளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பள்ளி இதழுக்காக ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினான். பால்மரம் சீவிவிட்டு வந்து, லயத்துப் படிக்கட்டில் கால் நீட்டி அமர்ந்து, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே பாட்டி கதை சொல்வார் என்று எழுதியிருந்தான். அழகான கட்டுரை. வீட்டார் பார்த்துவிட்டு, சுருட்டு வரியை மட்டும் எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டார்கள். புகைப்பது பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி என்று காரணம் கூறியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். "படிப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் டீச்சர்?" என்றார்கள். அந்தக் கோரிக்கை புலனத்தில்தான் வந்தது. அனுப்பியவரின் முகப்புப் படத்தில், தோல் நாற்காலி, தடித்த சிகார், புகைமண்டலம்.

அந்தப் பையன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்? தன் குடியில் உழைத்தவர்களை மறைக்க வேண்டும், அப்பாவின் பகட்டைக் காட்ட வேண்டும் என்பதைத்தானே? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு நாம் தொண்டை வறளக் கற்பிப்பதற்கு நேர்மாறான பாடம் இது. அதை வீட்டிலேயே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஓர் ஏமாற்றுப் பேச்சையும் இங்கே உடைத்தாக வேண்டும். "நாங்கள் புகையை உள்ளே இழுப்பதில்லை, வெண்சுருட்டு போலன்று" என்பார்கள். ஒரு வெண்சுருட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலையே இருக்கிறது. பெரிய சிகார் ஒன்றிலோ ஒரு பெட்டி வெண்சுருட்டின் அளவு புகையிலை இருக்கக்கூடும். சிகார் புகை காரத்தன்மை உடையது. உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சிகாராலும் வரும் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998-இலேயே விரிவான அறிக்கை வெளியிட்டது. பாட்டியின் சுருட்டும் இதற்கு விலக்கன்று. ஆனால் பாட்டி ஒருநாளும் அதை நாகரிகம் என்று விற்கவில்லை.

ஆதலால் பெற்றோர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியதுதான். பிள்ளைகள் இருக்கும் வகுப்புப் புலனக் குழுவில் அந்தப் படங்கள் வேண்டாம். கட்டுரையில் வரும் பாட்டியின் சுருட்டைப் பிடுங்கவும் வேண்டாம். அவர் வாழ்ந்த விதம் அது. பள்ளி விருந்துக்கு வரும் பெரிய மனிதர்களும் தோலுறையை வெளியே வைத்துவிட்டு வரட்டும். பள்ளி வளாகத்தில் புகைப்பதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. சிகாருக்கென்று அதில் தனிச்சலுகை எதுவும் எழுதப்படவில்லை. வைப்பதற்கு இடமில்லை என்றால், சாலைக்கு அப்பால் முனியாண்டி கோயில் இருக்கிறது. அங்கே வைத்துவிட்டு வரலாம். பூசாரி மறுக்கமாட்டார்.